விழுந்து விழுந்து பறக்கலாம்!

கே: ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டுவிட்டேன். எடுத்த எடுப்பில் ஏர்பஸ் ஏ380 ஓட்டலாமா?

ப: ஓட்டலாம், நிறுத்துவதுதான் சிரமம். செஸ்னா 172-இல் ஆரம்பியுங்கள். உலகிலேயே அதிகம் தயாரான விமானம், 44,000-க்கும் மேல். கற்றுக்குட்டிகளிடம் குட்டுப்பட்டே பழகிய ஜென்மம், உங்களையும் தாங்கும்.

கே: ரன்வேக்குப் போகும் வழியில் எவ்வளவு திருப்பினாலும் புல்லுக்குள்ளேயே போகிறதே?

ப: கார் ஓட்டிய கை சும்மா இருக்காது! தரையில் செஸ்னாவைத் திருப்புவது கால் பெடல். அது இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கைத் திருகுங்கள். முழு வேகம் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். கணினியைத் திட்டாமல் வலது பெடலை மிதியுங்கள். நிஜ விமானமும் அப்படித்தான் இழுக்கும்.

கே: செலவு எவ்வளவு ஆகும்?

ப: ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம். கூட ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். இரண்டாவது மானிட்டர் வாங்கத் தோன்றினால் இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் மூன்றாவதும் வேண்டும் என்று தோன்றிவிடும், சேர்த்தே வாங்கலாம்.

கே: ‘இந்த வயசில் விளையாட்டா?’ என்கிறார் மனைவி.

ப: அமெரிக்கரான எட்வின் லிங்க், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்து 1929-இல் ஆடும் விமானப்பெட்டி ஒன்றைச் செய்தார். ஆரம்பத்தில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் போனது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். இதை மனைவியிடம் சொல்லுங்கள். அதற்கு முன் காய்கறி வாங்கி வந்துவிடுங்கள்.

கே: வாட்சிம் என்ற இணையப் பறப்பு வலையமைப்பில் விமானக் கட்டுப்பாட்டாளரிடம் பேசவே நாக்கு குழறுகிறது...

ப: அவரும் சம்பளமில்லாமல் ஆசைக்கு வந்து உட்கார்ந்தவர்தான். ‘நான் புதுசு’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். புரிந்ததுபோல ‘ராஜர்’ போட்டுவிட்டு வேறு ரன்வேயில் இறங்குகிறவர்தான் அவருக்குத் தலைவலி. ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7500 மட்டும் வைத்துவிடாதீர்கள். அது விமானக் கடத்தலுக்கான எண்; விளையாட்டுக்குக்கூட அங்கே அனுமதியில்லை.

கே: சொதப்பினால் பழைய ஆட்கள் சிரிப்பார்களோ?

ப: சிரிப்பார்கள், விரட்ட மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில், மெல்போர்னில் சாதாரண வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கோபுரம் ஒன்று முளைத்தது. மூல வரைபடத்தில் 2 மாடி என்பதை யாரோ 212 என்று தட்டிவிட்டார், அவ்வளவுதான். அதைச் சுற்றிப் பார்க்கவே ஆட்கள் விமானம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நீங்கள் ஏரியில் இறங்கியதற்கெல்லாம் அவ்வளவு கூட்டம் சேராது. தைரியமாக வாருங்கள்.