ஏழுமலையான் கடனும் எங்கள் எம்.பி.ஏ.வும்

கையில் காசில்லாமல் கல்யாணத்துக்குத் தேதி குறித்த மாப்பிள்ளைகளில் மூத்தவர் சீனிவாசப் பெருமாள். பெண், நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதி. அரண்மனைச் சம்பந்தம். மாப்பிள்ளைக்கோ மலை மேல் ஒரு புற்றும், வகுளாதேவி என்ற வளர்ப்புத் தாயும்தான் சொத்து. பெண் வீட்டார் மனது வைக்க வேண்டுமே என்று குறத்தி வேடம் கட்டிப் போய், தன்னைப் பற்றித் தானே நல்லவிதமாகக் குறி சொல்லிவிட்டு வந்தார். சம்பந்தம் முடிந்தது. செலவுக்கு என்ன வழி? குபேரன் வந்தார். ஒரு கோடியே பதினான்கு லட்சம் ராம முத்திரைப் பொன். பிரம்மாவும் சிவனும் சாட்சி, கூடவே ஓர் அரச மரம். கலியுகம் முழுக்க வட்டி, யுக முடிவில் அசல். உண்டியலில் விழுவதெல்லாம் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் கோவிந்தராஜர் கீழ்த் திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். தம்பி கட்ட வேண்டிய காசை அளந்து அளந்து கை ஓய்ந்துவிட்டதாம். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் எந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாலும் அந்தத் திருக்கோலத்தைச் சேவிக்கலாம்.

இந்தக் கடனாளியின் காலடியில்தான் நான் 2012 முதல் 2014 வரை எம்.பி.ஏ. படித்தேன். கடன் வாங்கித் தொழில் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நிதி மேலாண்மை சார் அமெரிக்காவிலிருந்து ஒரு கார் கம்பெனியை இறக்குமதி செய்தார். ஜன்னலுக்கு வெளியே சேஷாசலம். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரி, சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள 70 கிலோமீட்டரில் எங்கேயோ ஓரிடத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், சேர்மன் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். ஊரில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு ஒயின் ஷாப், இரண்டு ஜெராக்ஸ் கடை. கல்லூரியில் இன்ஜினியரிங், பார்மசி, எம்.சி.ஏ., எம்.பி.ஏ., பி.எட்., நர்சிங் என்று எல்லாம். காலையில் கல்லூரி பஸ்கள் வரிசை கட்டி உள்ளே நுழையும்போது ஊர் ஜனத்தொகை பல மடங்காகும், சாயங்காலம் பழையபடி எருமைகளிடம் ஒப்படைக்கப்படும். நுழைவாயில் வளைவு சந்திரகிரிக் கோட்டை ராஜமகாலைவிடப் பெரியது என்று வாட்ச்மேன் நம்பினார். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் நான் வாய் திறக்கவில்லை.

நாங்கள் சித்தூர்ப் பையன்கள். தமிழில் சண்டை போட்டுத் தெலுங்கில் சமாதானம் ஆவோம். பரீட்சை மட்டும் இங்கிலீஷில். இந்தக் கலவைக்கு வரைபடம்தான் பொறுப்பு. வட ஆர்க்காட்டைக் கிள்ளி 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டம் செய்தார்கள். 1953இல் ஆந்திரம் தனியாகப் போனபோது அவர்கள் மதராஸைக் கேட்டார்கள், ம.பொ.சி. தலைமையில் தமிழர்கள் திருப்பதியைக் கேட்டார்கள். படாஸ்கர் வந்து பஞ்சாயத்து பண்ணியதில் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி மதராஸ் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. மாமனைக் கேட்டோம், மருமகனை அனுப்பி வைத்தார்கள். இரண்டுமே ஏப்ரல் 1 என்பதற்கு, நிதியாண்டுத் தொடக்கம் என்று காரணம் சொன்னார் அக்கவுண்ட்ஸ் சார். கடைசி பெஞ்சு அதை ஏற்கவில்லை.

சந்திரகிரிப் பையன் ஒருவனுக்கு இந்த விஷயத்தில் வேறு வருத்தம். 1639இல் பிரான்சிஸ் டே என்ற கம்பெனிக்காரர் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கரிடம் கடலோர மணல் துண்டு ஒன்றை எழுதி வாங்கினார். நாயக்கருக்கு மேலே இருந்தவர் சந்திரகிரி ராயர். அந்த மணல்தான் இன்றைய சென்னை. "ரியல் எஸ்டேட்ல எங்க ஊர் பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான் மாவா. ஆனா அது பெரிசு" என்பான். தி.நகரில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று எப்போதும் விரல் நுனியில் வைத்திருப்பான்.

இனி ஃபீஸ். ஐசெட் நுழைவுத் தேர்வு எழுதி வந்தால் கன்வீனர் கோட்டா, நோட்டுக் கட்டோடு வந்தால் மேனேஜ்மென்ட் கோட்டா. ராஜசேகர ரெட்டி காலத்தில் வந்த கட்டணத் திருப்பளிப்புத் திட்டத்தால், வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அரசே ஃபீஸ் கட்டியது. இதைக் கிண்டல் பண்ண மாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் பாதி, மாங்காய் மண்டிக்கோ குவைத்துக்கோ போயிருக்கும். ஆனால் அந்தப் பணம் குறித்த தேதியில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அரசு கல்லூரிக்குப் பாக்கி. கல்லூரி வாத்தியார்களுக்குப் பாக்கி. வாத்தியார்கள் டீக்கடைக்குப் பாக்கி. டீக்கடைக்காரர் மட்டும் ரொக்கத்துக்குப் பால் வாங்கினார்; அந்த வட்டாரத்தில் நாணயமாகத் தொழில் நடத்திய ஒரே ஆள். மாஸ்லோ என்றொருவர் மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறார்: கீழே சோறு, தண்ணீர், உச்சியில் ஆன்ம நிறைவு. சம்பளம் நின்ற மாதங்களில் அந்தப் பாடம் நடத்திய சார் கீழ்ப்படியை விட்டு மேலே ஏறவேயில்லை. சோற்றைப் பற்றி அவ்வளவு உருக்கமாக நடந்த வகுப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பரீட்சைக்கு முன்னால் அலிபிரி வழியாக மலை ஏறுவது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். 3,550 படி. அரியர் அதிகமுள்ளவன் வேகமாக ஏறுவான். மேலே கல்யாணகட்டாவில் மொட்டை. அங்கேதான் எனக்கு உள்ளபடியே வியாபாரம் புரிந்தது. மூலப்பொருளை வாடிக்கையாளரே தலையில் சுமந்துகொண்டு வருகிறார். கொடுத்துவிட்டுப் போக வரிசையில் நிற்கிறார். கொடுத்ததும் கண்ணில் நீர் மல்கக் கோவிந்தா என்கிறார். தேவஸ்தானம் அதை நீளம் பார்த்துத் தரம் பிரித்து, மிக நீளமானதை முதல் தரமாக்கி, வெள்ளை முடியைத் தனியாக ஒதுக்கி, இணையத்தில் ஏலம் விடுகிறது. அப்புறம் லட்டு. விளம்பரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, 2009இல் புவிசார் குறியீடு வேறு வாங்கியாயிற்று. கூடுதலாக ஒன்று கிடைக்குமா என்று கலெக்டரும் சிபாரிசு பிடிப்பார். இதையெல்லாம் எழுதி மார்க்கெட்டிங் சாரிடம் கொடுத்தேன். பாடப்புத்தகம் எழுதிய கோட்லர் எங்கே என்று கேட்டார். கோட்லர் மொட்டை போட வரவில்லை சார் என்றேன். இன்டர்னல் மார்க் அதற்குத் தகுந்தபடி வந்தது.

2013 கோடையில் பிராஜெக்ட். பெங்களூர், ஹைதராபாத் என்று போனவர்கள் ஏ.சி. அறையில் வேறு யாரோ எழுதிய பிராஜெக்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் தாமலசெருவு மாங்காய் மண்டிக்குப் போனேன், காரணம் தூரம் கம்மி. கூட வந்தவன் பக்கத்துக் கிராமத்து மாந்தோப்புக்காரர் மகன், என் ரூம்மேட். சித்தூர் சீமையில் மாங்காய் என்றால் தோத்தாபுரி, நம் கிளிமூக்கு. ஊறுகாய்க்கும் கூழுக்கும் பிறந்தது. கூழ் ஆலைக்குப் போய், டப்பாவில் அடைபட்டு, கடைசியில் பெட்டிக்கடைக் குளிர்பானமாகத் திரும்பி வரும்.

மண்டியில் ஷெட் முழுக்கக் குவியல். காம்பு கிள்ளிய பால் வாசனை மூக்கை அரிக்கும். முதலாளி ஒரு திண்டில் சாய்ந்திருப்பார், மடியில் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு, காதில் பேனா. டிராக்டர் வந்து நிற்கும். எடை போடுவார்கள். விலை சொல்வார், அந்த விலையில் தோப்புக்காரர் முகம் மலரும். அதற்குப் பிறகு கழித்தல் ஆரம்பம். அழுகலுக்கு இவ்வளவு. இறக்குக் கூலி இவ்வளவு. தரகு. பூ பிடிப்பதற்கு முன்பே வாங்கிய அட்வான்ஸ். அட்வான்சுக்கு வட்டி. போன வருட நிலுவை. பேனா ஒவ்வொரு வரி இறங்க இறங்க எதிரே நிற்பவர் முகமும் கூடவே இறங்கும். கோடு போட்டு அடியில் வந்த தொகையை முதலாளி வாய்விட்டுச் சொல்வதில்லை, நோட்டைத் திருப்பிக் காட்டுவார். சிலருக்குத் தொகை மண்டிக்கே வரவு. டிராக்டர் நிறையக் காய் கொண்டுவந்தவர் இன்னும் கொஞ்சம் கடனோடு வீட்டுக்குப் போவார்.

போர்ட்டர் என்ற ஹார்வர்டுக்காரர் எந்தத் தொழிலையும் ஐந்து சக்திகள் ஆட்டிவைக்கின்றன என்று எழுதியிருக்கிறார். வாங்குபவர் பலம், விற்பவர் பலம், புதிதாக நுழைபவர், மாற்றுச் சரக்கு, போட்டி. கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போய் முதலாளியிடம் ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அஞ்சு பேரா? ஒருத்தன் போதாதா தம்பி?"

பிராஜெக்ட்டில் அந்த வாக்கியத்தைச் சேர்க்க கைடு அனுமதிக்கவில்லை. 2025இல் தோத்தாபுரி விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மேலே 4 ரூபாய் என்று அறிவித்து, பக்கத்து மாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று தடையும் போட்டபோது, தடையற்ற வணிகம் நடத்திய மேடத்தை நினைத்துக்கொண்டேன். நல்ல மேடம். எல்லோரையும் பாஸ் போட்டார்.

பிராஜெக்ட் முடிந்து வந்தால் கல்லூரியே இல்லை. ஜூலை 30ஆம் தேதி தெலங்கானா உண்டு என்று டெல்லியில் சொல்லிவிட்டார்கள். சமைக்யாந்திரா போராட்டம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை சீமாந்திராவில் அரசு பஸ் ஓடவில்லை, ஆபீஸ் திறக்கவில்லை. நடு ரோட்டில் அடுப்பு மூட்டிச் சமைப்பது ஒரு போராட்ட முறை. சோறும் சாம்பாரும் சுடச்சுட. எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸைவிட எவ்வளவோ மேல். மாநிலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு உறுதி, பந்தி முடியும்வரை. மனிதவள சார் வேலைநிறுத்தம் என்ற பாடத்தை நடத்தவில்லை, நேரடி அனுபவம் கிடைத்துவிட்டதால் அதிலிருந்து கேள்வி வரும் என்று மட்டும் சொல்லியனுப்பினார். விடுபட்ட பாடங்களையெல்லாம் அவசரமாக முடித்தார்கள். உலகப் பொருளாதாரம் ஒரு மதியத்தில் முடிந்தது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையின் பெயர் நீளமாக இருந்தால் சம்பளம் குட்டையாக இருக்கும். பிசினஸ் டெவலப்மென்ட் எக்சிக்யூட்டிவ் என்றால் வெயிலில் கிரெடிட் கார்டு விற்பது. அதாவது, மறுபடியும் கடன்.

2014 ஜூன் 2ஆம் தேதி மாநிலம் இரண்டானது. சொத்தும் கடனும் ஜனத்தொகைப்படி, ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68. அந்த வாரம் ரூம்மேட்டும் நானும் சர்டிபிகேட் வாங்க ஆபீசுக்குப் போனோம். என் பெயரில் பாக்கி இல்லை. அப்பா சித்தூரில் ஒரு சீட்டுக் கம்பெனியில் தள்ளி எடுத்து முன்பே கட்டியிருந்தார். ரூம்மேட் பெயருக்கு நேரே ரீயம்பர்ஸ்மென்ட் நிலுவை.

"கவர்ன்மென்ட் கட்டலையே நைனா. கட்டினா சர்டிபிகேட்" என்றார் கிளார்க்.

"எப்போ சார் கட்டுவாங்க?"

"முதல்ல எந்த கவர்ன்மென்ட்டுன்னு தெரியட்டும்."

ரூம்மேட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. சித்தூர்ப் பக்கம் ரோஷம் வந்தால் கோர்ட்டுக்கு முன்னால் ஞாபகத்துக்கு வருவது காணிப்பாக்கம். அங்கே குளத்தில் முழுகி வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் விளங்கமாட்டான். கொடுக்கல் வாங்கல் தகராறெல்லாம் அங்கே தீரும். பிள்ளையார் வேறு வளர்ந்துகொண்டே இருக்கிறார், ஐம்பது வருடத்துக்கு முன் செய்த கவசம் இப்போது சேர்வதில்லை என்பார்கள். பாக்கி வசூலிக்கப் பொருத்தமான சாமி.

"பணம் வரலேன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுங்க சார்."

கிளார்க் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ரெடி. ஈர வேட்டியோட நிக்கறேன். கவர்ன்மென்ட்டை யார் கூட்டிட்டு வர்றது? நீயா?"

பல வருடம் கழித்து அரசு இந்தப் பணத்தை அம்மாக்களின் கணக்கில் நேராகப் போட ஆரம்பித்தது. அன்றைக்கு அந்த வசதி இல்லை. ரூம்மேட்டின் அப்பா தாமலசெருவு மண்டிக்குப் போனார். துணைக்கு நாங்களும் போனோம். சீசன் உச்சம், ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. முதலாளி விஷயத்தைக் கேட்டார், கேஷ் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார், காதிலிருந்து பேனாவை எடுத்தார். அடுத்த வருடக் காய் மேல் பற்று. நோட்டில் அவர் எழுதியதை ரூம்மேட் எட்டிப் பார்த்தான்: உரம், பூச்சி மருந்து, சர்டிபிகேட்.

"வட்டி எவ்வளவுங்க?" என்று கேட்டான்.

"எம்.பி.ஏ. படிச்சவன்தானே, நீயே போட்டுச் சொல்லு" என்று நோட்டை அவன் பக்கம் திருப்பினார்.