ஒன் மோர், ஓனர்ணா!

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் மூன்று பேருக்கு வேலை இருக்காது. நாதஸ்வரக்காரர், கல்யாண மண்டபத்து மேனேஜர், டைரக்டர் தம்பி. முதல் இருவரும் ஆவணி முகூர்த்தத்துக்காகத் திண்ணையில் காத்திருப்பார்கள். டைரக்டர் தம்பிக்கு அந்த வசதி இல்லை. கேமராவுக்கு இ.எம்.ஐ. ஓடுகிறது, அது ஆடி பார்ப்பதில்லை, மார்கழி பார்ப்பதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்குவார். "ணா, நம்ம கடைக்கு ஒரு காமெடி ஷார்ட் ஃபிலிம் பண்ணலாம்ணா. ரெண்டே நிமிஷம். ஊரே சிரிக்கும்."

ஊர் சிரிக்கும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கும் என்பதில்தான் சந்தேகம்.

எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறேன். சேத்துப்பட்டு என்றதும் சென்னைக்காரர்கள் எழும்பூருக்கு அடுத்த ஸ்டேஷனை நினைப்பார்கள். அது அல்ல. எங்களுடையது ரயில் எட்டிப் பார்க்காத சேத்துப்பட்டு. திருவண்ணாமலை மாவட்டம். ஆரணிக்கும் போளூருக்கும் வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் இங்கிருந்து ரோடு பிரியும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பசியோடு நிற்பார்கள். ஆகவே ஹோட்டல்கள். ஆகவே போட்டி. ஆகவே டைரக்டர் தம்பி.

அவர் பெயர் தேவையில்லை. உங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். தொப்பி, தாடி, ஆடிக்காற்றிலும் கழற்றாத கூலிங் கிளாஸ். சாலிகிராமத்தில் மூன்று வருஷம் உதவி இயக்குநராக இருந்தவர். அவர் க்ளாப் அடித்த படம் இன்னும் வெளியாகவில்லை. கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வந்த காலத்தில் பள்ளிக்கூடப் பையன். அதில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் கண்ணெதிரே பெரிய இயக்குநர்களானதைப் பார்த்து, அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியவர். திரும்பி வந்து கல்யாண வீடியோ எடுக்கிறார். 'கல்யாண வீடியோ' என்றால் முகம் சுண்டிவிடும். 'வெட்டிங் ஃபிலிம்' என்று சொல்ல வேண்டும்.

"கார்த்திக் சுப்புராஜ் சாருக்கு முதல் படம் 'பீட்சா', 2012. எனக்கு முதல் படம் 'பிரியாணி'ணா," என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரியாணிக் கடையில் உட்கார்ந்து சொன்னார். அந்தப் பெயரில் வெங்கட் பிரபு 2013லேயே கார்த்தியை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டார் என்று நான் சொல்லித் தொலைத்தேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "அப்ப 'குஸ்கா'" என்றார்.

கதை சொல்லும் நாள்தான் திருவிழா. கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளரிடம் சொல்ல முடியாமல் போன கதையையெல்லாம் கல்லாவில் சில்லறை எண்ணும் ஓனரிடம் சொல்வார்.

"ஓப்பன் பண்ணா..."

"எதத் தம்பி ஓப்பன் பண்றது? ஷட்டரயா?"

"இல்லணா, படம். ஓப்பன் பண்ணா மேல இருந்து ஒரு ட்ரோன் ஷாட். லூர்து மாதா மலை, கோயில் கோபுரம், நாலு ரோடு, அப்படியே கீழ எறங்கி நம்ம கட போர்டு."

"போர்டுல லைட்டு ரெண்டு எரியல. அதுக்குள்ள மாத்திடறேன்."

அந்த ட்ரோன் 249 கிராம். 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனை ஓட்ட பைலட் லைசென்ஸ் வேண்டாம் என்கிறது 2021ஆம் வருஷத்து விதி. அந்த ஒரு கிராம் இடைவெளியில்தான் தமிழ்நாட்டின் அத்தனை ஹோட்டல் விளம்பரங்களும் பறக்கின்றன. ஆடிக்காற்றுக்கு அந்த விதி தெரியாது. முதல் ஷாட்டிலேயே ட்ரோன் பக்கத்துப் புளியமரத்தில் உட்கார்ந்துகொண்டது. இறக்க ஆள் பிடித்த செலவு, பட்ஜெட்டில் 'ஸ்டண்ட்' என்ற தலைப்பில் ஏறியது.

ஓனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சிரிப்புப் படம் வேண்டாம். சிரித்த முகமாகத் தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் கடைசிவரை தன் கடைக்குத் தானே வாசலாக நின்றார். லலிதா ஜுவல்லரி கிரண்குமாரின் மொட்டைத் தலை தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் கிடையாது. சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் ஹன்சிகா, தமன்னாவோடு விளம்பரத்தில் ஆடினார். 2022இல் 'தி லெஜண்ட்' என்று முழுப்படத்துக்கே ஹீரோவாகிவிட்டார். இந்த மூன்று உதாரணங்களையும் எங்கள் ஓனர் விரல்விட்டுச் சொன்னார். நாலாவது விரல் தன் பக்கம் திரும்பியிருந்தது.

இந்த ஆசை புதிதல்ல. டூரிங் டாக்கீஸ் காலத்தில் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு போடுவார்கள். காபி கிளப் பெயர், கீழே 'சுத்தம், சுவை', ஓரத்தில் முதலாளியின் மார்பளவுப் படம். படம் தலைகீழாகப் போய்விட்டால் கொட்டகை சிரிக்கும். கடையின் பெயர் மனதில் நின்றது அப்படி விழுந்த ஸ்லைடுகளால்தான் என்று என் மாமா சொல்லுவார். அப்புறம் லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்து வந்தது, மைக் கட்டிய ஆட்டோ வந்தது, இப்போது ரீல்ஸ்.

சரி, கதை. ஒருவன் ஐம்பது பரோட்டா சாப்பிடப் பந்தயம் கட்டுகிறான், என்று ஆரம்பித்தார் தம்பி. 'வெண்ணிலா கபடிக்குழு' 2009இலேயே வந்துவிட்டதே என்றேன். அந்த ஒரு காட்சியால் சூரிக்குப் 'பரோட்டா' பட்டப்பெயர் ஆனது. பின்னால் அவர் மதுரையில் ஹோட்டலே வைத்துவிட்டார். பரோட்டாவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் எடுத்ததில்லை, அது விளம்பரமே இல்லை என்றாலும். தம்பி அந்தக் கதையை விட்டார். அடுத்து, ஒரு தாத்தா சமைக்கிறார் என்றார். புதுக்கோட்டைப் பக்கத்து சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட நாளிலிருந்து தாத்தா இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த அடுப்பும் கேமரா முன்னால் எரிவதில்லை. எங்கள் தெருவில் தாத்தா தேடினோம். இருந்தவர்களில் பாதிப் பேர் தறியில். மீதிப் பேருக்கு வெயிலில் நிற்க டாக்டர் அனுமதி இல்லை.

கடைசியில் நின்ற கதை இதுதான்: பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பஜ்ஜிக்குப் பதில் பிரியாணி கொண்டுவருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை மறந்து கடை விலாசம் கேட்கிறார்கள். ஓனர் பெண்ணின் அப்பா. நான் மாப்பிள்ளையின் சித்தப்பா. வசனம் கிடையாது, மென்று தலையாட்ட வேண்டும். இந்த வேஷத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று தம்பி சொன்னதை இன்றுவரை பாராட்டாகவே வைத்திருக்கிறேன்.

பெண்ணாக டைரக்டரின் அக்கா. பட்டுப் புடவை ஒரு ஜவுளிக்கடை ஸ்பான்ஸர். ஆரணிப் பட்டு பேர்போன பக்கம், பெண் பார்க்கும் காட்சியில் நைலக்ஸ் கட்டினால் ஊர் மன்னிக்காது. கடைக்காரர் ஒரே நிபந்தனை போட்டார்: படத்தில் பார்டர் தெரிய வேண்டும், பார்டரில் பிரியாணி தெரியக் கூடாது. காவலுக்கு, அதை நெய்த தேவிகாபுரத்து நெசவாளி மாமாவையே அனுப்பிவிட்டார்.

அன்றைக்குப் படத்தின் உண்மையான டைரக்டர் அவர்தான்.

"ஆக்‌ஷன்" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள், "நிறுத்து, நிறுத்து. முந்தி மடங்கிப் போச்சி" என்பார் மாமா. சரிசெய்து மறுபடி. "எம்மா, தட்டக் கொஞ்சம் தள்ளிப் புடி. எண்ண தெறிக்கும்." தட்டைத் தள்ளிப் பிடித்தால் ஃப்ரேமுக்கு வெளியே போகிறது. பிரியாணி இல்லாத பிரியாணி விளம்பரம்! தம்பி பொறுமை இழந்து, "மாமா, ஒரு புடவைக்கு இவ்ளோவா?" என்று கேட்டுவிட்டார்.

"ஒரு புடவையா? இது கோர்வ பார்டர் தம்பி. உடல் ஒரு கலரு, பார்டர் ஒரு கலரு. மூணு நாடா மாத்தி மாத்திப் போட்டு, ஊடைக்கு ஊடை கோத்து எடுத்தது. குழியில கால வுட்டுக்கினு பதினஞ்சி நாள் ஒக்காந்தேன். ஒன்னால பதினஞ்சி நிமிஷம் ஒக்கார முடியல."

அதற்குப் பிறகு செட்டில் யாரும் உட்காரவில்லை.

இதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. ஆறிய பிரியாணியில் ஆவி வராதே. தம்பிக்குச் சாலிகிராமத்து வித்தை தெரியும்: தட்டுக்குப் பின்னால் சாம்பிராணி. கேமராவில் பார்த்தால் அப்படியே தம் உடைத்த மாதிரி இருந்தது. மணம்தான் வேறு. வாசலில் பார்சல் வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, பட்டுப் புடவை, வரிசையாக உட்கார்ந்த பெரியவர்கள், புகை எல்லாவற்றையும் கவனித்து, குரலைத் தாழ்த்தி, "எப்ப ஆச்சி?" என்று ஓனரிடம் கேட்டார்.

பெரிய தொல்லை சத்தத்தில் வந்தது. ஹோட்டலின் பின்சுவரும் ஒரு தறி வீட்டுச் சுவரும் ஒன்றுதான். யார் வசனம் பேசினாலும் நடுவில் 'டக், டடக்' என்று பலகை அடிக்கும். தம்பி போய்க் கெஞ்சினார். "தறிய நிறுத்தறேன். கூலிய யாரு குடுப்பா, ஒன் கேமராவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பாட்டைப் போட்டு மறைக்கலாம் என்றால், பழைய பாட்டைத் தொட தம்பிக்கு நடுக்கம். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கே 2024இல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. 'குஸ்கா'வுக்கு வந்தால் கட்டுவதற்கு லெக் பீஸ்தான் இருக்கிறது.

பத்து நாள் எடிட்டிங். எந்த வசனமும் தேறவில்லை. பதினோராம் நாள் ராத்திரி எனக்கு போன். "ணா, வாங்க, ஒண்ணு காட்டணும்." போனேன். காட்சிக்கு நடுவே சும்மா எடுத்து வைத்திருந்த ஷாட்: மாஸ்டர் கொத்துப் பரோட்டா போடுகிறார். இரண்டு தகடும் கல்லில் விழும் சத்தம். பின்சுவரிலிருந்து தறி. முதலில் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. நாலாவது அடியில் மாஸ்டரின் கை, அவரே அறியாமல், தறியின் தாளத்துக்குப் போய்விடுகிறது. டக் டடக், டக் டடக். கூடவே அவர் தலை ஆடுகிறது. முட்டை உடைக்கும்போது தறி நிற்கிறது. மாஸ்டரும் கையில் முட்டையோடு நின்று, சுவரைத் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கிறார். தறி ஓட, கை ஓடுகிறது. நாற்பது நொடி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. "இதுல நான் ஒண்ணுமே எழுதலணா," என்றார்.

அமெரிக்காவில் ரெட், லிங்க் என்று இருவர் சின்னச் சின்ன ஊர்க் கடைகளுக்கு இப்படித்தான் சிரிப்பு விளம்பரம் எடுத்துக் கொடுத்தார்கள். 2011இல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில், செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைக்கும் சக் டெஸ்டா என்பவருக்கு எடுத்தது உலகம் சுற்றியது. அவர் நடிகரே இல்லை. அந்த உம்மென்ற முகம்தான் சிரிப்பு. இதைத் தம்பியிடம் சொன்னேன். "அவருக்கும் ட்ரோன் மாட்டிச்சா?" என்று கேட்டார்.

ஓனரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஆவணி முடிந்துவிட்டது. இரண்டு நிமிஷப் படம் நாற்பது நொடியாகி, அதில் ஓனர் முகம் நாலு நொடி, அதுவும் மாஸ்டரின் முழங்கைக்குப் பின்னால். கடைசியில் கடை பெயரும் ஊர் பெயரும் பெரிய எழுத்தில். ஒரு சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வெளியிட்டார்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமை! ஊரில் பாதி நெற்றியில் நாமம். பார்த்தார்கள், சிரித்தார்கள், 'ஐப்பசியில் வருகிறோம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆனால் சென்னைக்காரர்களுக்கு அவசரம்.

நேற்று மத்தியானம் கடையில் இருந்தேன். ஓனர் கல்லாவில் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அன்றைக்கு ஆறாவது அழைப்பாம்.

"சொல்லுங்க சார்... சேத்துப்பட்டு ஸ்டேஷன்ல எறங்கிட்டீங்களா? எறங்கினதே தப்பு சார். அது வேற சேத்துப்பட்டு. பரவால்ல, அப்படியே அடுத்த ட்ரெயின் ஏறி செங்கல்பட்டு போயிடுங்க. அங்க வந்தவாசி பஸ். வந்தவாசில எறங்கினா நம்ம ஊரு பஸ்ஸு நிக்கும். ஆமா சார், கொஞ்சம் தூரம்தான். நீங்க வர்றதுக்குள்ள நைட்டு அண்டா ரெடியாயிடும். எத்தினி பேரு? லெக் பீஸு எடுத்து வெச்சிடறேன் சார்."

போனை வைத்தார். எதிர் மேசையில் தண்ணீர் ஜக்கில் மொபைலைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டைரக்டர் தம்பி மெதுவாக எழுந்தார்.

"ஓனர்ணா, சூப்பர். அந்த 'எறங்கினதே தப்பு' மட்டும் கொஞ்சம் நிறுத்தி... ஒன் மோர்."