ஓடாத வண்டி இருந்தால் சொல்லுங்கள்

என் மேஜையைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஓடுமா?" என்பதுதான். ஓடும் என்றால் முகம் மலரும். ஓடாது என்றால் துக்கம் விசாரிக்கிற குரலுக்கு இறங்கிவிடுவார்கள். எனக்கோ எல்லாம் தலைகீழ். ஓடுகிற இன்ஜின் என்பது வேலை முடிந்துபோன இன்ஜின். தண்டவாளத்தில் வைத்தால் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றும். மறுபடியும் அதே சுற்று. அதற்கு அடுத்த சுற்றில் எழுந்துபோய் டீ போடலாமா என்று தோன்றும். ஓடாத இன்ஜின் அப்படியில்லை, ஒரு மழைக்காலம் முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

என் மைத்துனர் லண்டனில் இருக்கிறார். அங்கே வார இறுதிகளில் பழைய பொம்மை ரயில்களுக்கென்றே சந்தை கூடுகிறது. மேஜைமேல் பளபளப்பானவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதன்மேல் 'ஸ்பேர்ஸ் ஆர் ரிப்பேர்' என்று மார்க்கரில் எழுதியிருக்கும். என் ஆர்டர் எப்போதும் மேஜைக்கு அடியில்தான். "அத்தான், நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேனே" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார். வீட்டு மாப்பிள்ளைக்கு உடைந்த சாமானைப் பரிசாகக் கொடுப்பது அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒருமுறை சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, சக்கரம் கழன்ற ஒரு இன்ஜினைக் கையில் எடுத்து, "ஓடுமா?" என்றாராம். "ஓடாது சார்." "அப்ப எதுக்கு லண்டன்லேர்ந்து எடுத்துட்டு வரீங்க?" மைத்துனர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. "உங்களால எனக்குக் கௌரவமே போச்சு" என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

1950, 60களில் வந்த ட்ரை-ஆங் கம்பெனியின் பொம்மை இன்ஜின்களைப்போல என் சுபாவத்துக்குப் பொருந்தியவை வேறு இல்லை. அவற்றில் பலவற்றுக்குள் எக்ஸ்ஓ4 என்ற மோட்டார் இருக்கும். எதுவும் மூடி மறைக்கப்படாத மோட்டார்: ஒரு காந்தம், நடுவே சுற்றுகிற ஆர்மேச்சர், இரண்டு கார்பன் பிரஷ், இரண்டையும் அமுக்கிப் பிடிக்க ஒரே ஒரு கம்பி ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்னதாக ஒரு உறை மாட்டியிருக்கும், மின்சாரம் குறுக்கே பாயாமல் இருக்க. அறுபது வருடத்தில் அந்த உறை எங்கோ உதிர்ந்து போயிருக்கும். அதற்கு முந்தைய உரிமையாளர் மூன்று மோட்டார் மாற்றிப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் மேஜைக்கு அடியில் போட்டிருப்பார். வயரின் தோலை ஒரு துண்டு உருவி மாட்டினால் போதும், கிழவர் எழுந்துவிடுவார். அப்படிச் சீக்கிரம் எழுந்துவிடுகிற நாட்களில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெரும்பாலும் அவ்வளவு சுலபமாக எழுவதில்லை. கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். காந்தம் பலம் குறைந்து, மோட்டார் கரண்டை மட்டும் நிறைய இழுத்துச் சூடாகும், நகராது. அச்சுகளில் நூல் சுற்றியிருக்கும். பொறுமையாக இடுக்கியால் இழுத்தால் ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தின் வரலாறே வெளியே வரும். என்னிடம் வந்த ஒரு சரக்கு இன்ஜின் இருந்த வீட்டில் பச்சைக் கம்பளம் இருந்தது. வெள்ளை ரோம நாய் ஒன்றும் இருந்தது. அந்தப் பையன் தண்டவாளத்தைத் தரையில் போட்டுத்தான் விளையாடியிருக்கிறான், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பெயர் தெரியாத அவனுடைய அம்மாவின் பக்கம்தான் என் அனுதாபம்.

எதையும் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஆரம்பப் பெட்டிகள் சில செல்லுலோஸ் அசிடேட்டில் வார்க்கப்பட்டவை. வயதானால் எண்ணெயில் விழுந்த அப்பளமாக நெளிந்துவிடும். எந்தச் சிகிச்சையும் ஏறாது. உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் உள்ளேயிருந்தே வீங்கி, விரிசல் விட்டு, ஒருநாள் கையில் மாவாக உதிரும். இவற்றுக்கெல்லாம் என் அலமாரியில் மேல்தட்டு ஒன்று தனியாக உண்டு. ரயில்வேயில் பழுதான பெட்டிகளை நிறுத்தும் தண்டவாளத்தை 'சிக் லைன்' என்பார்கள். என் வீட்டில் சிக் லைன்தான் மெயின் லைன்.

இங்கே நம் ஊர்ப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருப்பது வில்லிவாக்கம். ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலை கூப்பிடு தூரம். 1955இல் ஸ்விஸ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, அதே வடிவத்துப் பெட்டியை 2018 வரை அவர்கள் செய்து தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 28 சென்டிமீட்டர் வரும். பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிவிடலாம். ஜன்னலில்தான் வினை ஆரம்பிக்கிறது. ஆங்கிலேயப் பெட்டிக்குக் கண்ணாடி ஒட்டினால் தீர்ந்தது. நம் ஸ்லீப்பர் கோச்சுக்கு ஜன்னல் என்றால் குறுக்குக் கம்பி வேண்டும். அசல் கம்பி 10 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மாடலில் 0.13 மில்லிமீட்டர். ஏறக்குறைய தலைமுடி. 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் போட்டால் ஜெயில் வண்டி மாதிரி இருக்கிறது என்று என் மகளே சொல்கிறாள். போதாததற்கு எமர்ஜென்சி ஜன்னலில் கம்பி கூடாது. அது எந்த இடத்தில் வரும் என்று பெட்டிக்குப் பெட்டி பார்த்து வைக்க வேண்டும்.

பெயின்ட் அடிப்பதற்கு ரயில்வேயிடம் தனி ஷாப் இருக்கிறது. என்னிடம் பால்கனி இருக்கிறது. முதலில் சாம்பல் நிற ப்ரைமர், அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு, இடையில் மாஸ்கிங் டேப். பளபளக்கும் வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகுதான் எண்களின் டீக்காலைத் தண்ணீரில் நனைத்து நகர்த்த வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி ஓரமெல்லாம் வெள்ளியாக மினுங்கும். கடைசியில் பளபளப்பைக் கொல்ல மேட் வார்னிஷ். இவ்வளவும் ஐப்பசி, கார்த்திகையில் நடக்காது. சென்னையின் ஈரக்காற்றில் லாக்கர் பூச்சு காயும்போதே பால் பூத்து வெளிறிவிடும். ஆகவே மழைக்காலத்தில் மோட்டார், வெயில் காலத்தில் பெயின்ட் என்று விவசாயிகளைப்போல நானும் வானத்தைப் பார்த்துத்தான் பயிர் வைக்கிறேன்.

எந்த நிறம் என்பதில்தான் நட்பு முறிகிறது. பிரேக் முறை வாக்குவத்திலிருந்து காற்றழுத்தத்துக்கு மாறியபோது, 1990களில், பழைய சிவப்புப் பெட்டிகள் மெல்ல நீலமாயின. 2018இல் வெளிர் நிறமும் பழுப்பும் வந்தன. ஒரு ரேக்கை ஒழுங்காக முடிப்பதற்குள் ரயில்வே அடுத்த டப்பாவைத் திறந்துவிடுகிறது. ஆங்கிலேயர்கள் மட்டும் இதில் நிம்மதியாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடிய ரயில்வேயில் 1870 முதல் 1889 வரை இன்ஜின் பிரிவின் தலைவராக இருந்தவர் வில்லியம் ஸ்ட்ரௌட்லி. தன் பயணி இன்ஜின்களுக்கு அவர் அடித்த நிறத்தின் அதிகாரபூர்வப் பெயர் 'இம்ப்ரூவ்டு இன்ஜின் கிரீன்'. நிறமோ மாம்பழ மஞ்சள். யார்க் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் அவருடைய கிளாட்ஸ்டன் இன்ஜின் அதே மஞ்சளில் நிற்கிறது. அதைக் கட்டும்போது கூட இருந்த யாராவது, "சார், இது பச்சை இல்லையே" என்று வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்திருக்க மாட்டார்கள். தலைமைப் பொறியாளர் பச்சை என்றால் பச்சைதான்.

இந்த மாதிரி விஷயங்களில் தூக்கம் தொலைக்கிறவர்களை ஆங்கிலேயர்கள் 'ரிவெட் கவுன்ட்டர்' என்கிறார்கள். இன்ஜின் உடம்பில் எத்தனை ரிவெட் என்று எண்ணிப் பார்த்து, குறைந்தால் கடிதம் எழுதுகிறவர்கள். எனக்கு அப்படி ஒருவர் கோயம்புத்தூரில் வாய்த்திருக்கிறார். படம் அனுப்பினால் போதும், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். 'அழகாயிருக்கிறது' என்று இதுவரை அவர் வாயால் கேட்டதில்லை. 'பாட்டரி பாக்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது' என்றால் பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் முடிந்த பிறகு வெதரிங். அதாவது, மாதக்கணக்கில் பாடுபட்டுப் புதிதாக்கிய பெட்டியை மறுபடி அழுக்காக்குவது. சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் போகிகளில் பிரேக் தூசியின் செம்பழுப்பு, கூரையில் கரி, பெட்டியின் இரண்டு முனைகளிலும் கழிப்பறைக்குக் கீழே என்ன வழியும் என்று உங்களுக்கே தெரியும், பயோ டாய்லெட் வருவதற்கு முந்தைய பெட்டி என்றால் அதையும் தீட்டத்தான் வேண்டும். "என் புடவையில ஒரு சொட்டு காபி பட்டா தாங்க மாட்டீங்க, இதுக்கு நீங்களே கக்கூஸ் கறை பூசறீங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் நான் அப்போது வெற்றிலைக் கறையில் இருந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைக் கறை இல்லாத பெட்டி, பணிமனையை விட்டு இன்னும் வெளியே வராத பெட்டி. கறை நேராக வழியாது. வண்டி வேகமாகப் போவதால் பின்பக்கமாகச் சாயும். கம்பியுள்ள ஜன்னலில் மெல்லிய கோடுகள். எமர்ஜென்சி ஜன்னலில் தலையையே வெளியே விடலாம் என்பதால் பரந்து விரிந்த கறை. மிகச் சன்னமான பிரஷ்ஷில், கொஞ்சம் சிவப்பும் பழுப்பும் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். படம் பார்த்த கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்: "எல்லாக் கறையும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. திரும்பி வரும்போது யாரும் துப்பலையா?"

எதிர்வீட்டுப் பெரியவர் இந்தக் கட்டத்தில்தான் உள்ளே வந்தார். வட சென்னையில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தும், வார்னிஷ் வாசனை அடித்த பிறகுதான் தெரு தாண்டி வந்திருக்கிறார். பெட்டியைக் கையில் எடுத்தார். வாங்கும் விதத்திலேயே தெரிந்தது, ஓரத்தை மட்டும் பிடித்தார்.

"இன்னா தம்பி இது, துரு வெக்கிறியா?"

"ஆமாங்கய்யா, அசலா இருக்கணுமில்ல?"

"நாங்க சர்வீஸ் பூரா அதைத்தானேப்பா சொரண்டிக்கினு இருந்தோம்."

கட்டைவிரலைச் சக்கரங்களுக்கு நடுவில் வைத்து அளந்தார். "ப்ராட்கேஜ் பெட்டியை மீட்டர்கேஜ்ல உட்டுகிறே." வாதாட முடியாது. ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்தில் தங்கள் ஒடிசலான இன்ஜினுக்குள் மோட்டார் அடங்காமல் உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். அந்த அளவில் நம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை 22 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். என் தண்டவாளத்தின் கணக்கு 1,254தான் வருகிறது. ப்ராட்கேஜைவிட மீட்டர்கேஜுக்குத்தான் பக்கம். கால்குலேட்டர் இல்லாமல் கட்டைவிரலில் கண்டுபிடித்துவிட்டார் மனிதர்.

பிறகு பெட்டியின் முனைச் சுவரைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு புகைப்படத்தைப் பார்த்து நான் அச்சடித்து ஒட்டிய எழுத்துகள் அங்கே உண்டு. கடைசியாக எப்போது பிஓஎச் ஆனது, மறுபடி எப்போது ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற தேதிகள். மெயில், எக்ஸ்பிரஸ் பெட்டிகளுக்குப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை பிஓஎச், அதாவது முழு ஓவர்ஹால். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தவர் முகம் மாறிவிட்டது.

"ரிட்டர்ன் டேட் தாண்டி எவ்ளோ வருஷம் ஆவுது! இத்தைப் போய் லைன்ல வெச்சிருக்கியே. மொதல்ல சிக் போடு."

அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்கு வந்துவிடுகிறார். என் மனைவி அவருக்கும் சேர்த்தே டீ போடுகிறாள். அடுத்த பெட்டிக்குப் பழைய சிவப்பு வேண்டியிருந்தது. என்னிடம் நாலைந்து புகைப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சிவப்பு. அவற்றை ஒதுக்கித் தள்ளினார். "வெயில்ல நின்ன பெட்டியை எவனோ போட்டோ புடிச்சிருக்கான். நான் டப்பாவுல பாத்தவன்." சின்ன சிமிழ் ஒன்றில் அவரே கலந்தார். சிவப்பில் கொஞ்சம் பழுப்பு, குச்சி நுனியில் கறுப்பு, நகத்தில் தடவிப் பார்த்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு. சின்ன உருவத்துக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளிறவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு அடர்ந்து தெரியும் என்று மாடல்காரர்கள் எல்லோரும் சொல்வதை நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "பெட்டி சின்னதா ஆனா பெயின்ட் எதுக்குப்பா மாறும்?" என்றார். நான் ஏர்பிரஷ்ஷை நிரப்பினேன்.

காய்ந்ததும் படம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன், யார் கலந்த நிறம் என்று சொல்லாமல். பதில் உடனே வந்தது: "ஷேட் தப்பு. அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப் சிவப்பு இவ்வளவு டார்க் கிடையாது. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டுட்டுச் செய்யுங்க."

போனைப் பெரியவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக இரண்டு முறை படித்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"கரெக்டாத்தான் சொல்றாரு. அப்போ எங்க இன்ஸ்பெக்டரும் வந்து நின்னு இதையேதான் சொல்லுவாரு. சரிங்க சார்னு தலையாட்டுவோம். அவரு அந்தாண்ட போனதும் அதே டப்பாவைத் தொறப்போம்."