ஒன் பை டூ காப்பி: வரையறையும் வழக்காறும்

ஒரு காப்பிக்குக் காசு கொடுத்து, அதை இரண்டு டம்ளரில் இருவர் குடிப்பது ஒன் பை டூ எனப்படும். காப்பி ஒன்றாக இருக்க வேண்டும், டம்ளர் இரண்டாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது நிபந்தனைதான் கவனிக்கப்படாமல் போகிறது: குடிக்கும் இருவரும் ஆளுக்கொரு முழுக் காப்பி வாங்க வசதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். கையில் காசில்லாமல் பாதி குடிப்பது சிக்கனம். அதைப் பொருளியல் பார்த்துக்கொள்ளும். சட்டைப் பையில் ஐநூறு ரூபாய்த் தாள் இருக்க, பாதிக் காப்பிக்கு மேல் வாங்க மறுப்பதுதான் இங்கே ஆய்வுப் பொருள்.

இவ்வழக்கு எங்கும் தழைப்பதில்லை. குடும்பம் நடத்தும் ஓட்டல்களே இதன் இயற்கை வாழிடம். கல்லாவில் அப்பா, பில் எழுத மகன், சாம்பாரில் உப்புப் பார்க்க அம்மா, சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்த தாத்தா படம் என்ற அமைப்புள்ள இடத்தில் இது செழிக்கும். 1943இல் தொடங்கிய பெங்களூர் காந்தி பஜாரின் வித்யார்த்தி பவன், 1948இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கபே போன்றவை இவ்வினத்தின் மூத்த உறுப்பினர்கள். பல கிளைகள் கொண்ட பெரிய ஓட்டல்களில் ஒன் பை டூ அரிது. அங்கே பில் போடும் கணினியில் முழு எண்கள் மட்டுமே உண்டு. அரைக்கு அதில் பொத்தான் இல்லை.

கருவிகளுள் முதன்மையானவை டம்ளரும் டபராவும். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. சாய்த்து ஊற்றும்போது திரவம் பாத்திரத்தின் வெளிச்சுவரை ஒட்டிக்கொண்டு வழியும் குணத்துக்கு 1956இல் மார்க்கஸ் ரெய்னர் தேநீர்க் கெண்டியின் பெயரையே வைத்தார். மறு ஆண்டு ஜோசப் கெல்லர் அதற்குக் கணித விளக்கம் எழுதினார். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் நாட்டில் வழிகிற காப்பி நேராகச் சட்டைக்குப் போகும். ஆகவே இங்குள்ள பாத்திரக்காரர்கள் விளக்கத்துக்குக் காத்திராமல் விளிம்பை மடக்கிவிட்டார்கள்.

நடக்கும்போது காப்பி ஏன் சிந்துகிறது என்பதை ஆராய்ந்த ருஸ்லான் கிரெச்செட்னிகோவ், ஹான்ஸ் மேயர் இருவருக்கும் 2012இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமான கோப்பையில் காப்பி தளும்பும் தாளமும் மனிதன் நடக்கும் தாளமும் ஏறக்குறைய ஒத்துப்போவதுதான் சிக்கல் என்று கண்டார்கள். ஓட்டல் சர்வர் இதற்கு வேறு தீர்வு வைத்திருக்கிறார். காப்பி சிந்தட்டும், டபராவுக்குள் சிந்தட்டும் என்பதே அது. சிந்தியதும் வாடிக்கையாளரின் கணக்கில்தான் சேர்கிறது. யாருக்கும் குறையில்லை.

பங்கீடுதான் இத்துறையின் இதயப் பகுதி. இருவருக்குள் ஒரு பொருளை நியாயமாகப் பிரிக்க ஒருவர் வெட்ட, மற்றவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது பழைய வழி. மூவரும் அதற்கு மேற்பட்டோரும் பங்கு கேட்டால் என்ன செய்வது என்பதற்குத் தம் நண்பர்கள் பனாக், க்னாஸ்டர் கண்ட வழியைப் போலந்துக் கணிதர் ஹூகோ ஸ்டெய்ன்ஹாஸ் 1948இல் எழுதி வெளியிட்டார். இவர்கள் ஓட்டலுக்குப் போகாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1930களில் லுவோவ் நகரத்துக் கணிதர்கள் ஸ்காட்டிஷ் கபேயில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மேசைப் பளிங்கின் மேலேயே பென்சிலால் கணக்குப் போட்டார்கள். மேசையைத் துடைத்தால் தேற்றமும் போய்விடும் என்பதால் பனாக்கின் மனைவி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த நோட்டு கபேயிலேயே இருந்தது. கணிதர்கள் வந்து உட்கார்ந்ததும் சர்வர் எடுத்து வந்து கொடுப்பார். அதிலிருந்த ஒரு கணக்குக்கு 1936இல் மசூர் என்பவர் உயிருள்ள வாத்து பரிசென்று அறிவிக்க, 1972இல் சுவீடன்காரர் பெர் என்ஃப்லோ விடை கண்டு வாத்தைப் பெற்றுக்கொண்டார். முப்பத்தாறு ஆண்டு தாமதமானாலும் பாக்கியைத் தீர்த்தது வாடிக்கையாளர் ஒழுக்கத்துக்கு நல்ல சான்று.

இத்தனை கணிதம் இருந்தும் ஒன் பை டூவுக்கு அது பயன்படவில்லை. காரணம் நுரை. திரவத்தைச் சரிபாதி பிரிக்கலாம். நுரையைப் பிரிக்க முடியாது. இரண்டாவது டம்ளருக்கு எப்போதும் நுரை கூடுதலாகவும் காப்பி குறைவாகவும் போகும், அல்லது போனதாக அந்த டம்ளர்க்காரர் நம்புவார். ஆகவே பிரிக்கும் பொறுப்பை நண்பர்கள் இருவருமே ஏற்பதில்லை. அது சர்வருக்கு உரியது. பல வருடம் பழகிய சர்வர் சரிபாதியாகப் பிரிக்கவும் மாட்டார். யாருக்கு அன்று வீட்டில் காப்பி கிடைக்கவில்லை என்பது அவருக்கு முகம் பார்த்தே தெரியும். அந்தப் பக்கம் அரை விரற்கடை கூடும். ஸ்டெய்ன்ஹாஸின் நியாயத்தில் இதற்கு இடமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முறையை வைத்து நட்பின் வயதைக் கணிக்கலாம். புதியவர்கள் "ஒரு காப்பி, ஒன் பை டூ" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். சில வருடங்களில் சர்வர் "என்ன சார், வழக்கம்போலத்தானே?" என்று கேட்பார். முதிர்ந்த நிலையில் கேள்வியே இல்லை. இருவரும் வாசலில் செருப்பை உதறும்போதே உள்ளே "ஒரு ஸ்ட்ராங், ஒன் பை டூ!" என்று குரல் போய்விடும். அன்றைக்கு மோர் குடிக்கலாம் என்று நினைத்து வந்தவர்கள்கூட மறுபேச்சில்லாமல் காப்பி குடிப்பார்கள்.

விளிமுறையும் கவனிக்கத்தக்கது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை ஊர் முழுக்க "ஐயா" என்றும் "சார்" என்றும் அழைக்கும். அவரை "டேய்" என்று கூப்பிட உரிமையுள்ள ஆள் எதிர் நாற்காலியில் இருப்பவர் ஒருவர்தான், அதுவும் உரக்க. கல்லாவில் இருக்கும் முதலாளி இதைக் கேட்காதவர்போல் சில்லறை எண்ணுவார். அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது அந்த மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். இருவரையும் "மாமா" என்றுதான் அழைப்பான், பில் நீட்டும்போதும்.

முதலாளியின் பார்வையில் ஒன் பை டூ முழு நட்டம். ஒரு காப்பி விற்று இரண்டு டம்ளர் கழுவ வேண்டும். ஒரு மேசை ஒரு மணி நேரத்துக்கு முடங்கிப்போகும். மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும்போதும் எழுந்திருங்கள் என்று சொல்ல முடியாது. அதிகபட்சம் மின்விசிறியை நிறுத்தலாம். ஆனால் குடும்ப ஓட்டல்கள் நட்டத்தோடு பழகியவை. எமர்ஜென்சி காலத்தில் கர்நாடகத்தில் பலகாரங்களுக்கு அரசு விலை வரம்பு விதித்தபோது, பெங்களூரின் எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்காமல் அதே விலையில் விற்று, நாள்தோறும் எவ்வளவு நட்டம் என்று பலகையில் எழுதி வைத்தது. ஒன் பை டூ நட்டம் இதுவரை எந்தப் பலகையிலும் ஏறவில்லை. சிறிய தொகை என்பதால் அல்ல. எழுதினால் அந்த இருவரும் படித்துவிடுவார்கள்.

வரி விஷயத்தில் சட்டம் இவ்வழக்கை மறைமுகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓட்டல் பில்லில் விழும் 5 சதவீத ஜிஎஸ்டியை மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 2.5 சதவீதமாக எடுத்துக்கொள்கின்றன. அவர்களுக்குள்ளும் நுரை பற்றிய புகார் உண்டு.

பில் வந்ததும் நடப்பது தனி இயல். முதல் முறை கைப்பற்றல்: ஒருவர் பில்லைப் பிடிக்க, மற்றவர் அவர் மணிக்கட்டைப் பிடிப்பது. இரண்டாவது முன்கூட்டல்: கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் வந்து உட்கார்வது. மூன்றாவது நினைவூட்டல்: "நேத்து நீதானேடா கொடுத்தே" என்று உண்மைக்கு மாறாகச் சாதிப்பது. மூன்றிலும் தோற்றவர் அன்று மாலைவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முழுச் சாப்பாட்டுக்கு ஆகும் சக்தியை அரைக் காப்பியின் விலைக்காகச் செலவழிக்கும் இந்தப் போரில் சமாதானம் செய்துவைக்க எந்த முதலாளியும் முன்வந்ததில்லை. அவர் இருவரிடமும் வாங்கியும் இருக்கிறார். மறுநாள் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார்.

பாதிக் காப்பி முழுக் காப்பியைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். சூடான பொருள் ஆறும் வேகத்துக்கு 1701இலேயே நியூட்டன் விதி எழுதியிருக்கிறார். அளவு குறைந்தால் ஆறுவது விரைவு என்பதை எந்தச் சமையற்கட்டும் உறுதிசெய்யும். அப்படியென்றால் ஒன் பை டூ குடிப்பவர்கள் விரைவில் எழுந்து போக வேண்டும். போவதில்லை. குடித்து முடித்ததும் இன்னொரு ஒன் பை டூ வரும், சற்றுக் கழித்து மூன்றாவது. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒன்றரைக் காப்பி குடித்திருப்பார்கள். சிக்கன வாதம் இங்கே கவிழ்ந்துவிடுகிறது. முழுக் காப்பி குடித்தால் எழுந்திருக்க வேண்டும். பாதி குடித்தால் மிச்சப் பாதிக்கு உட்கார்ந்திருக்க உரிமை இருக்கிறது. ஆகவே ஒன் பை டூவைக் கொள்ளளவின் அலகாகக் கொள்வது பிழை. அது காலத்தின் அலகு.

இந்த அலகு வயதோடு நிறம் மாறுகிறது. கல்லூரி நாளில் அது உண்மையிலேயே காசில்லாக் காப்பி. வேலை கிடைத்த முதல் மாதம் இருவரும் ஆளுக்கொரு முழுக் காப்பியும் ஸ்பெஷல் தோசையும் வாங்கிப் பார்ப்பார்கள். பேச்சு ஏனோ ஓடாது. மறுமாதம் பழையபடி பாதிக்குத் திரும்புவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் தேக்கம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் பருவத்தில் மறுமலர்ச்சி: ஜாதகங்கள் டபராவுக்கு அடியில் விரிக்கப்பட்டு, பல பொருத்தங்கள் டிகாஷன் கறையோடு வீடு திரும்பியிருக்கின்றன.

பெரும் சோதனை சர்க்கரை நோய். இருவரில் ஒருவருக்கு மருத்துவர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லும் நாளில் ஒன் பை டூவின் அடிப்படையே ஆடிப்போகிறது. ஒரே காப்பியில் பாதி இனிப்பும் பாதி கசப்பும் இருக்க முடியாது. சர்வர்கள் கண்ட வழி, சர்க்கரை போடாமல் பிரித்து, ஒரு டம்ளருக்கு மட்டும் தனியாகக் கரண்டியில் கொண்டுவருவது. நடைமுறையில் அந்தக் கரண்டி சில நாள்தான் வரும். பிறகு நோயில்லாத நண்பர், "எனக்கும் சர்க்கரை பிடிக்கலைப்பா" என்று அறிவிப்பார். வீட்டில் அவர் இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பதை அவர் மனைவி அறிவார். கேட்டால் வாய்க்கு வாய் ருசி மாறும் என்று சொல்லிவிடுவார். இவ்விடத்தில் ருசி மாற்றம் என்பதற்கு மேல் எதையும் இக்கட்டுரை எழுதுவதற்கில்லை.

இருவரும் ஒரே மேசையில் தலைக்கு ஒரு முழுக் காப்பி கேட்டால் அவர்களுக்குள் சண்டை என்று பொருள். சர்வர் இதைச் சமையற்கட்டில் தெரிவித்துவிடுவார். ஒருவர் மட்டும் தனியாக வந்தால் எந்த விதியும் இல்லை. முழுக் காப்பியை அவரால் முடிக்க முடியாது. சில ஊர்களில் மினி காப்பி கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் சர்வர் பாதி ஊற்றிவிட்டு மீதியைத் தாமே குடித்துவிடுகிறார். வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் இருக்கும் நண்பர் வீடியோ அழைப்பில் தோன்றினாலும் அவர் பங்கை யாரும் குடிக்கக் கூடாது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். ஆறிப்போகும் என்பது மறு சாரார் வாதம்.

பார்சல் வாங்கி வீட்டில் பிரிப்பது ஒன் பை டூ ஆகாது. டீக்கடையில் நின்றுகொண்டு இரண்டு கிளாஸில் பிரிப்பதும் ஆகாது; உட்கார இடம் இல்லாததால் அதற்குக் காலப் பரிமாணம் இல்லை. பாதாம் பால், ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா ஆகியவை சர்வரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தவை. தயிர் வடை பிரிக்கத்தக்கதே, ஆனால் பூந்தி பற்றித் தனி ஆய்வு வேண்டும்.