ஈரத் துண்டும் இரங்கலும்

தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக்கினார், எற்பாட்டைச் சிறுபொழுதாக்கினார், இரங்கலை உரிப்பொருளாக்கினார். கடற்கரையில் நிற்பவர்க்கு இரங்கல் தோன்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதன்பொருட்டு இரங்குகிறார்கள்? உரையாசிரியர்கள் பிரிந்துபோன தலைவனைக் கைகாட்டிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார்கள். தலைவனும் பாங்கனும் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு சேர்ந்தே கடலோர ஊர்களைச் சுற்றும்போது பிரிவுக்கு இடமேயில்லை. அப்போதும் இரங்கல் குறைவின்றி நிகழ்கிறது. அதற்குக் காரணம் காயாத துண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக் களம் கேரளத்துக் கோவளம், வர்க்கலை, கர்நாடகத்துக் கோகர்ணம், கோவாவின் தென்பகுதியிலுள்ள பலோலெம் ஆகியவை. ஈசிஆர் கோவளம் என்று நினைத்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். துணைக்கு வந்த நண்பன் மரபு கருதி இனி ‘பாங்கன்’ எனப்படுவான். சென்னிமலைப் பக்கத்து ஈரிழைத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. பாங்கனிடம் இருந்தது அவனுடைய அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் வந்த டர்க்கி டவல். மயில் கழுத்து நிறம், ஓரத்தில் ரோஜாப்பூ, காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோ கனம். ஒப்பாய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. துண்டே எடுத்து வராமல், “ஒண்ணு போதும் மச்சான், மாத்தி மாத்தித் தொடச்சிக்கலாம்” என்கிற நண்பர்களும் உண்டு. அவர்கள் குற்றவியல் துறையைச் சேர்ந்தவர்கள், இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் மேலே போனால் நெறியாளர் கோபித்துக்கொள்வார். 1979-இல் இங்கிலாந்துக்காரர் டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய விண்வெளி நாவலில், அண்டவெளியைச் சுற்றுகிறவனுக்குத் துண்டைப் போலப் பயன்படும் பொருள் வேறில்லை என்ற கருத்து வருகிறது. அவர் 2001-இல் மறைந்தபின் மே 25-ஆம் தேதியைத் துண்டு நாள் என்றே வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். மதிக்கத்தக்க ஆய்வுதான், ஆனால் விண்வெளியில் கடல்காற்று கிடையாது. தமிழர் பங்களிப்பு இதைவிட ஆழமானது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இருக்கையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறை நம்முடையது. விடுதி நீச்சல்குளத்துச் சாய்வு நாற்காலிகளில் ஜெர்மானியர்கள் விடியுமுன்பே துண்டு விரித்து இடம் பிடித்துவிடுகிறார்கள் என்று ஆங்கிலேயர்கள் காலங்காலமாகப் புலம்புவதுண்டு. தீபாவளிக்கு முந்தின இரவில் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தை ஒருதரம் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். எப்படியானாலும் இந்த மரபுகள் எல்லாம் உலர்ந்த துண்டோடு நின்றுவிட்டன. நனைந்த துண்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குளித்துவிட்டுத் துடைக்கும்போது நீரோடு அந்த உப்பும் நூலுக்குள் குடியேறிவிடும். வெயிலில் போட்டால் நீர் ஆவியாகும். குடியேறிய உப்பு காலி செய்யாது. சிக்கல் இங்கேதான். சாதாரணச் சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் சேர்ந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு இன்னும் அவசரக்காரன். 33 சதவீதத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுவான். கேரளக் கடற்கரையில் விடியற்காலை ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆகவே மதியம் மொறுமொறுவென்று காய்ந்த துண்டு, ஒரு சொட்டு மழை இல்லாமலே, மறுநாள் காலையில் ஈரமாக இருக்கும். ஐப்பசியில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாங்கனுக்குப் புரியவில்லை. “நைட்டு எவனோ என் டவலை எடுத்துக் குளிச்சிருக்கான்டா” என்று பக்கத்து அறை இஸ்ரேலியர்களைச் சந்தேகித்தான்.

வாடை தனி இயல். ஈரத்துணி நாற்றத்துக்குப் பொறுப்பு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். துவைத்துக் காய்ந்த பிறகும் துணியில் தாக்குப்பிடிக்கும் சாதி அது. துணி மறுபடி நனைந்ததும் பெருகி வாடையைக் கிளப்பும். கேரி பேக்கில் சுருட்டி, பையின் அடியில் திணித்து, அடுத்த ஊரில் திறந்து பார்ப்பது அதற்கு நாம் வைக்கும் விருந்து.

இனி மையக் கோட்பாடு. கடலோரத்தில் துண்டு காயக்கூடிய நேரம் காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை. அதற்கு முன் பனியும் ஈரமும். அதற்குப் பின் வெயில் சாய்ந்துவிடும், காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும். உலகத்து விடுதிகளெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்வதோ காலை பத்துக்கு, மிஞ்சினால் பதினொன்றுக்கு. இந்த இரண்டு கால அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டு காய ஆரம்பிக்கும் நேரத்தில்தான் பயணியை வெளியே போகச் சொல்கிறார்கள். அவன் என்ன செய்வான்? இன்னும் ஒரு நாள் வாடகை கொடுத்துத் தங்குகிறான். தங்கினவன் சும்மா இருப்பானா? மறுபடி கடலில் இறங்குகிறான். துண்டு மறுபடி நனைகிறது. “ஊர் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ரெண்டு நாள்ன்னு வந்தேன், பத்து நாள் ஆச்சு” என்று கடலோர ஊர்களில் எல்லாரும் சொல்வதன் உள்காரணம் இதுவே. இயற்கை அழகு, மன அமைதி, பழச்சாறு என்று அவர்கள் சொல்வதெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட விளக்கங்கள்.

கோவளத்தில் இது முதலில் உறுதிப்பட்டது. 1972 முதல் விளக்கேற்றி நிற்கிற சிவப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கத்தின் கீழே, கடற்கரைக்கு இரண்டாம் வரிசையில் எங்கள் அறை. வராந்தாவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் ஒரு துண்டுக்குத்தான் இடம். முதலில் குளித்தவன் நாற்காலியைப் பிடித்தான். அடுத்தவனுக்குக் கதவின் மேல்விளிம்பு. என் ஈரிழைத் துண்டு கதவின் மேலே இருந்தும் மதியத்துக்குள் காய்ந்தது. டர்க்கி டவல் நாற்காலியில் நாள் முழுக்க வெயில் குடித்தும் ரோஜாப்பூ இருந்த ஓரம் மட்டும் சதசதவென்றே இருந்தது. மெல்லிய பருத்தியில் காற்று புகுந்து வெளியே வருகிறது. வளையம் வளையமாக நூல் எழுந்து நிற்கிற டர்க்கியில் உள்ளே போன நீருக்கு வழி தெரிவதில்லை. மலையாளிகள் தோர்த்து என்கிற தங்கள் மெல்லிய துண்டை விட்டுக்கொடுக்காததற்கு இதற்குமேல் காரணம் வேண்டாம்.

வர்க்கலையில் நெய்தலின் சிறுபொழுது ஏன் எற்பாடு என்பது விளங்கிற்று. அங்கே கடலை ஒட்டியே செம்மண் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. புவியியல் பாடத்தில் இடம்பெறும் பாறையடுக்கு அது. இந்திய நிலவியல் அளவைத் துறை அதைக் காக்கவேண்டிய சின்னமாக மதிக்கிறது. கீழே பாபநாசம் கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். மேலே குன்றின் விளிம்பில் பீட்சா விற்கிறார்கள். மாலையானால் ஊரே விளிம்புக்கு வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எல்லார் முகத்திலும் இரங்கல். சூரியன் மறைவதற்காக இரங்குகிறார்கள் என்று சுற்றுலாத் துறை நினைக்கிறது. பின்னால் திரும்பி விடுதிகளின் கைப்பிடிச் சுவர்களைப் பாருங்கள்: தொங்குவதெல்லாம் ஈரத் துண்டு. இனி நாளைக் காலை பத்துவரை ஒன்றும் காயப்போவதில்லை.

ஆய்வின் போக்கையே மாற்றியது ரயில். பாங்கன் ஏசி பெட்டிக்கு வாதாடினான். ஏசி பெட்டியின் ஜன்னல் திறக்காது என்பதால் அறிவியல் நோக்கில் ஸ்லீப்பருக்குப் பதிவு செய்தேன். மங்களூருக்கு மேலே கொங்கண் ரயில்பாதை தொடங்குகிறது. 1998-இல் முழுமையாகத் திறந்தது, 700 கிலோமீட்டருக்கு மேல், ஆறும் மலையும் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களுமாக. ஜன்னல் கம்பியின் உட்புறம் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினால் துண்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். கடலோரத்தில் கிடைக்காத ஓயாத காற்று. எதிர் இருக்கையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா, டர்க்கி டவல் முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். மூன்றாவது சுரங்கத்துக்குப் பிறகு எழுந்து மேல் பர்த்துக்கே போய்விட்டார். ஆனால் துண்டு காய்ந்தது. கோவளத்தில் நனைந்தது உடுப்பியைத் தாண்டித்தான் காய்ந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கோகர்ணம் நமக்கு அயலூரல்ல. சம்பந்தரும் அப்பரும் பாடிய துளுவ நாட்டுத் தலம்; புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் வேறு. ஆத்மலிங்கத்தை இலங்கைக்குத் தூக்கிச் சென்ற இராவணன் இங்கேதான் அந்தி வழிபாட்டுக்காக அதை ஒரு சிறுவன் கையில் கொடுத்தான். சிறுவன் பிள்ளையார், கீழே வைத்துவிட்டார், லிங்கம் பிறகு அசையவில்லை. கோகர்ணத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்ப முடியாமல் தவித்த முதல் பயணி இராவணன்தான் என்பது என் கருத்து. அவன் நீராடப் போனது அந்தி நேரம் என்பதையும், அந்தியில் நனைந்த துணி காயாது என்பதையும் சேர்த்து எண்ணுக. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடுதான் போகவேண்டும். ஈரிழைத் துண்டை மேலே போட்டுக்கொண்டு நான் பக்திமானாக வரிசையில் நின்றேன். ரோஜாப்பூ டவலைப் போர்த்திய பாங்கனைப் பார்த்து, தீர்த்தமாடிவிட்டு நேரே வந்திருக்கிறான் என்று நினைத்து முன்னால் இருந்த பெரியவர் வழிவிட்டார். டர்க்கிக்குச் சாதகமாகக் கிடைத்த ஒரே தரவு இது.

ஓம் கடற்கரையில் மாடுகள் மணலில் படுத்து அசைபோடும். வெளிநாட்டவர்கள் அவற்றின் பக்கத்தில் படுத்து அதையே செய்வார்கள். பாறைமேல் விரித்த டர்க்கி டவலின் ஒரு முனையை ஒரு செவலைப் பசு மெதுவாக வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், கண்ணை மூடி, கரும்பு சப்புவது மாதிரி. “டேய், உப்புக்குத்தான்டா வருது” என்று நான் மாதிரி சேகரிக்கும் நோக்கில் போனை எடுத்தேன். “போட்டோ எடுக்காத, முதல்ல பிடிடா!” என்றான் பாங்கன். அவன் ஒரு முனை, பசு ஒரு முனை. கடைசியில் பசுவே சலித்துப்போய் விட்டது. ரோஜாப்பூ போயிற்று. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று கரையோரமாக அவன் ஓடியது, இனி எந்தப் பசு வருமோ என்ற பயத்தில். ஆனால் ஆய்வுக்கு இது பேருதவி: நீரில் அலசாத துண்டில் உப்பு எவ்வளவு தங்குகிறது என்பதற்குக் கருவியில்லாத அளவீடு. அன்று சாயங்காலம் அறைக் குழாயின் நல்ல தண்ணீரில் நாலுமுறை அலசிப் பிழிந்தான். மறுநாள் மாலைக்குள் அது காய்ந்தது; அதன்பின் இரவில் ஊறவுமில்லை.

பலோலெம்மில் கோட்பாடு சற்றே தடுமாறுகிறது. அங்கே மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய குடில்கள். மழைக்காலத்துக்கு முன் பிரித்து, மழை போனபின் மறுபடி கட்டுவார்கள். ஒவ்வொரு குடிலுக்கும் திண்ணை, திண்ணைக்குக் கைப்பிடிக் கம்பு, கம்பில் நாலு துண்டுக்கு இடம். துண்டு காய வசதி இருந்தால் மக்கள் சீக்கிரம் கிளம்பவேண்டும் அல்லவா? கிளம்பவில்லை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடுகிற கூட்டத்தில் பாங்கனும் சேர்ந்துவிட்டான். வெளியே நின்று பார்த்தால் ஊரே பேயோட்டுவது போலத்தான் இருக்கிறது. எதிர்த்தரவு வந்தால் கோட்பாட்டைக் கைவிடுவது ஆய்வாளருக்கு அழகல்ல. குடில்கள் தென்னை நிழலில் இருக்கின்றன. நிழலில் துண்டு காயாது. ஆக கோட்பாடு நிற்கிறது.

துண்டு பற்றிய தீர்ப்பில் எனக்குக் குழப்பமில்லை. மைக்ரோஃபைபர் என்று விற்கிறார்களே, அது நீரை உடம்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறதே தவிர வேறு செய்வதில்லை. டர்க்கி, வீட்டுக் குளியலறைக்கு. கடலோரத்துக்கு ஈரிழைத் துண்டு அல்லது தோர்த்து, ஆளுக்கு இரண்டு. கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும். கூட வருகிற நண்பனிடம் டிக்கெட் போட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் துண்டு என்று கேட்டுவிடுங்கள்.

கடலோர விடுதி உரிமையாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டுகிறீர்கள், நன்று. அதன் பக்கத்தில் இரண்டு ஆணி அடித்து, அறைக்கு எட்டடி கொடிக்கயிறு கட்டிவிடுங்கள். அறையைக் காலி செய்யும் நேரத்தை மதியம் மூன்று என்று மாற்றுங்கள். ஆணியை மட்டும் நிழலில் அடிக்காதீர்கள்.