இலை தீர்ந்தால் பந்தி முடிந்தது

இந்த மாதம் எனக்கு வந்திருக்கும் தண்ணீர் பில்லைப் பார்த்தால், நான் குளியலறையிலேயே குடியிருக்கிறேன் என்று நினைப்பீர்கள். பூட்டிக் கிடக்கும் எதிர் வீட்டுக்கு என் மீட்டர் அளவு போயிருக்கிறது. எனக்கு, தினமும் கார் கழுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவருக்கு அதற்கடுத்த வீட்டினுடையது. கடைசி வீட்டுக்குப் பில்லே இல்லை. பில் வரவில்லை என்று புகார் கொடுத்தவர் உலகத்தில் உண்டா?

அசோசியேஷனுக்கு யாரோ எழுதிக்கொடுத்த பைத்தான் ஸ்கிரிப்ட்தான் காரணம். இந்தப் பக்கம் வீட்டு எண்கள், அந்தப் பக்கம் மீட்டர் அளவுகள், நடுவில் ஜிப். பூட்டிய வீட்டில் அளவு எடுக்க முடியவில்லை. அந்த வரியே பட்டியலில் இல்லை. அவ்வளவுதான், அங்கிருந்து எல்லாரும் ஒரு படி நகர்ந்துவிட்டார்கள். நாம் எல்லாரும் தினமும் செய்கிற காரியம்தான்.

பைத்தானுக்கு ஜிப் வந்தது 2000-இல், 2.0 பதிப்போடு. பாரி வார்சாவின் பெப் 201 அதற்கான முன்மொழிவு. எந்த லிஸ்ட் முதலில் தீர்கிறதோ, அங்கேயே சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கல்யாண வீட்டில் இப்படிப் பந்தி நடத்திப் பாருங்கள். இலை நாற்பது, ஆள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றாவது ஆளிடம் “அடுத்த பந்தியில் உட்காருங்க” என்று சொல்லக்கூட நாதியில்லை. அவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்று கணக்கு.

வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும் இட்டரேட்டராக இருந்தால் இன்னும் மோசம். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்த பிறகுதான் இலை இல்லை என்று தெரியும். அந்த மனுஷன் இந்தப் பந்தியிலும் இல்லை, அடுத்த பந்தி வரிசையிலும் இல்லை. ஜிப்_லாங்கெஸ்ட் சமையல்காரர் வேறு ரகம்: மிஞ்சிய இலைக்கு முன்னால் ‘நன்’ என்றொருவரை உட்காரவைத்து ரசம் ஊற்றுவார். ரூபியில், கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. இலை இல்லாதவருக்கு சாம்பார் நேராக மேஜையில். ஆர் மொழிக்காரர் மகா சிக்கனம். இலை தீர்ந்தால் மறுபடி முதல் இலையிலிருந்து ஆரம்பித்து, அடுத்த ஆளை ஏற்கெனவே சாப்பிடுகிறவர் மடியில் உட்காரவைப்பார். நாற்பத்தொரு பேர் வந்தால் கணக்கு இடிக்கிறதே என்று ஒரு எச்சரிக்கையாவது முணுமுணுப்பார். சரியாக எண்பது பேர் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. இலைக்கு இரண்டு பேர், பரம திருப்தி. ஹாஸ்கெல்லில் இலை, ஆள், உப்பு, ஊறுகாய் என்று சேரச்சேர ஜிப்3, ஜிப்4 என்று தனித்தனி ஆள் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஜிப்7 வரைதான். எட்டாவதாகப் பாயசம் வேண்டுமென்றால் நீங்களே பரிமாறிக்கொள்ள வேண்டியதுதான்.

பைத்தானில் பிறகு புத்தி வந்தது. 2021-இல், 3.10 பதிப்பில், ‘ஸ்ட்ரிக்ட்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நீளம் ஒத்துவரவில்லை என்றால் வேல்யூ எரர். இருபத்தொரு வருஷம்! அதுவும் நாமாகக் கேட்டால்தான். கேட்காவிட்டால் பழைய குடித்தனமே. கேட்டாலும் என்ன வாழ்கிறது? லிஸ்ட் தீர்ந்த பிறகுதானே அதற்குத் தெரியும்? ஃபார் லூப்புக்குள் பில் அனுப்பிக்கொண்டிருந்தால், எல்லாருக்கும் தப்புத் தப்பாக அனுப்பி முடித்துவிட்டு, கடைசியில் வந்து “ஐயோ, நீளம் சரியில்லை” என்று அலறும்.

சரி, அதையாவது போடுங்களேன் என்று ஆபீஸில் ரிவ்யூவின்போது சொல்லிப் பார்க்கிறேன். “ரெண்டு லிஸ்ட்டும் ஒரே நீளம்தான் சார்” என்கிறார்கள், பெரியவரைச் சமாதானப்படுத்தும் குரலில். ஒரே நீளமாம்! ஒரே நீளமான இரண்டு லிஸ்ட்டை நான் டுடோரியல்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.