கேட்காமலே கிடைக்கும் கடன்

சொந்த மச்சான் தராத கடன், மதியச் சோற்றில் கை வைத்ததும் தானாகத் தேடி வருகிறது. "சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு!" விண்ணப்பிக்காதவருக்கு ஒப்புதல், விண்ணப்பித்தவருக்கோ அலைச்சல். "வேண்டாம்மா" என்றால், "ஏன் சார் வேண்டாம்?" என்று விசாரணை வேறு. அதை முடித்தால் மனை விற்பவர். அவருடைய 'சென்னைக்கு மிக அருகில்' திண்டிவனத்தைத் தாண்டியிருக்கும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2018-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்கு விதிமுறை வகுத்தது. 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பரத் தொல்லை மொத்தமும் நிற்கவேண்டும். விளம்பர அழைப்புக்கு 140, வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடக்க எண்களும் ஒதுக்கியாயிற்று. ஆனால் விதியை மீற நினைப்பவர் விதிப்படியான எண்ணிலா கூப்பிடுவார்? சாதாரணப் பத்து இலக்க எண்ணில், தூரத்துச் சித்தப்பா போல அழைக்கிறார். புகார் செய்ய முன்பு மூன்று நாள்தான் அவகாசம். 2025 திருத்தம் அதை ஏழாக்கியது. கோபத்தை ஒரு வாரம் கெடாமல் வைத்திருக்கலாம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. வீடியோவில் காக்கிச்சட்டையோடு வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பவர்தான் ஆபத்து. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பேசாமல் போனை வையுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வாழ்நாளில் நாமாகக் கூப்பிடவேண்டிய ஒரே 'தெரியாத நம்பர்' அதுதான்.